குடிகாரனுக்கு உட்கார்ந்தவர்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் என் அறைக்கு வந்திருந்தீர்கள். முத்தாபுதுப்பேட்டையில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறையை ஸ்டுடியோ என்று மதித்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தீர்கள். அந்தச் செருப்புக்காகவாவது உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

சுவரோரம் சாத்தி வைத்திருந்த பதினொரு கேன்வாஸையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தீர்கள். பதினொன்றிலும் முதுகு. பஸ்ஸுக்கு நிற்கிற முதுகு, குழாயடியில் குனிந்த முதுகு, ஆவடி லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற முதுகு, ஈரச் சட்டை ஒட்டிய முதுகு. உங்களில் ஒருவர் அதற்கு ஒரு தத்துவம் சொன்னார். மாநகரம் மனிதனிடமிருந்து முகத்தைப் பறித்துக்கொள்கிறது என்கிற மாதிரி. கேட்க நன்றாக இருந்தது. அடுத்த கண்காட்சிக்கு அதையே எழுதித் தொங்கவிடலாம் என்றுகூடத் தோன்றியது. இன்னொருவர் கூச்சத்தோடு, "சாருக்கு முகம் வரையறதுல இன்ட்ரஸ்ட் இல்லையா?" என்றார். எனக்கு முகம் வருமா வராதா என்பதுதான் அவருடைய கேள்வி. இன்ட்ரஸ்ட் என்பது அதன்மேல் போர்த்திய துண்டு. மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை, டீயை ஆறவிடாமல் குடித்தார். அவர் முன்னுக்கு வருவார்.

முகம் வரும். நன்றாகவே வரும். வந்ததுதான் வினை.

பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனைச் சுவரை வரைய எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். பார்த்தால் நம்பிக்கை பிறக்க வேண்டும் என்று கமிட்டி சொல்லியிருக்கிறதாம். படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து சூரியனை நோக்கி நடக்கிறாராம். "படுத்திருக்கறவருக்குத்தான் ஒரு முகம் தேடிக்கிட்டிருக்கோம் சார், யாராவது மாட்டுவாங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த 'மாட்டுவாங்க' என்ற சொல் இன்னும் என் அறையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிரைமர் எத்தனை கோட், வெயில் சுவருக்கு எந்த பெயின்ட் என்பதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது. டப்பாவில் போடாத ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பு. எது என்று கேட்காதீர்கள். அதன் நீளமான வெளிச்சுவர், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருந்தது. நிறுத்தத்தில் நிழற்குடை கிடையாது, டீக்கடை உண்டு. காத்திருக்கிறவர்களின் கண்ணுக்கு அந்தச் சுவரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. குடியிருப்பு மாதர் சங்கத்தார், மதுவின் கேட்டை விளக்கிப் படம் போட வேண்டும் என்று மனு கொடுத்திருந்தார்கள். நலத்துறை அதிகாரி அதற்கு அனுமதி வாங்கி, என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தா பயம் வரணும் ஆர்ட்டிஸ்ட். ஆனா பாக்க ரம்மியமா இருக்கணும்" என்றார்.

எட்டுக் கட்டம். இடப்பக்கம் நான்கில் குடிக்காதவர் குடும்பம்: அவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறார், மனைவியோடு கோயிலுக்குப் போகிறார், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வலப்பக்கம் நான்கில் குடிகாரர்: கடையில் நிற்கிறார், தெருவில் வாந்தி எடுக்கிறார், வீட்டில் கை ஓங்குகிறார், கடைசியில் கவிழ்ந்த பானைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார். வாழ்க்கை இரண்டே வகை என்று சங்கமும் நம்பியது, அதிகாரியும் நம்பினார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நானும் நம்பினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மனசிலிருந்து முகம் வராது. மனசிலிருந்து போட்டால் ஆண்கள் எல்லோரும் என் மூத்த மைத்துனர் மாதிரியும், பெண்கள் எல்லோரும் காலண்டர் லட்சுமி மாதிரியும் வந்துவிடுவார்கள். அதனால் கண்ணெதிரே இருக்கிற யாரிடமாவது முகம் எடுப்பேன். குடிகாரனுக்கு முகம் எடுக்க எங்கே போவது? ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பிராந்திக் கடைக்குப் போனேன். பட்டப்பகல் பதினோரு மணிக்கு, எதிரே ஒரு கல்லின்மேல், மடியில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

தோழர்களே, குடிக்கிறவர்கள் ஓர் இடத்தில் நிற்க மாட்டார்கள். நெற்றி போட்டு மூக்குக்கு வருவதற்குள் ஆள் மாறியிருப்பார். ஒருவர் நேரே என்னிடம் வந்து, "என்னியத்தான் வரையிறியா மாமே? இரு, சைடுல நிக்கிறேன். அந்தப் பக்கம்தான் நம்ம மூஞ்சி ஹீரோ மூஞ்சி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அப்படியே சைடில் நடந்து போய்விட்டார். இன்னொருவர் காகிதத்தில் தன் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "எங்கம்மா கண்ணு நைனா இது" என்று அழுதார். அவர் அழுததில் என் காகிதம் நனைந்ததுதான் மிச்சம்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது மனோகரனைப் பார்த்தேன். லேத் பட்டறைக்காரர். முதல் கிளாஸை முடித்து, இரண்டாவதற்குக் காத்திருந்தார். அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்த்ததில்லை. உலகத்தில் எல்லோரையும் மன்னித்துவிட்ட முகம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற, மனைவியைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற, கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் சாப்பிடுகிற முகம். நான்கு நிமிடம் அது அப்படியே நின்றது. ஐந்தாவது நிமிடம் இரண்டாவது கிளாஸ் வந்துவிட்டது. எனக்கு நான்கு நிமிடம் போதும். குடிக்காத குடும்பத் தலைவர் கிடைத்துவிட்டார்.

குடிகாரர்தான் பாக்கி.

ஏகாம்பரம் தானாக வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். நட்டும் போல்ட்டும் அளவு சரியா என்று கேஜ் வைத்துப் பார்க்கிற வேலை. காலை ஏழரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, டீ வாங்கிக்கொண்டு, நான் சுவரில் கட்டம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்திரண்டு வயது. ஒட்டிய கன்னம். வருஷக்கணக்கில் ராத்திரியை விழித்தே கழித்ததில் கண் இரண்டும் சிவந்து, கீழே கறுப்புப் பை கட்டியிருந்தது. டீயைத் தவிர வேறு எதையும் தொட்டவர் இல்லை. வெற்றிலைகூடப் போட மாட்டார்.

"கொஞ்சம் உக்காருப்பா, மூஞ்சி எடுத்துக்கறேன்" என்றேன்.

உட்கார்ந்தார். அசையவில்லை. ஈ வந்து புருவத்தில் உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை. ராத்திரி முழுக்க ஆயிரக்கணக்கான போல்ட்டை ஒன்றுபோல் பார்க்கிறவருக்குப் பொறுமை உடம்பிலேயே ஊறியிருந்தது. குடிகாரனுக்கு உட்கார, குடிக்காதவர்தான் லாயக்கு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஷேவ் செய்து, பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டையில் வந்தார். "ஏம்ப்பா, நேத்து மாதிரியே வா. ஷேவ் பண்ணாதே" என்றேன். ஓவியர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பார். மூன்று காலை உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

"அண்ணே, நான் எந்தக் கட்டத்துல வர்றேன்?"

"வந்தப்புறம் பாரேன்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். நம் தொழிலில் இரண்டுக்கும் ஒரே பிரஷ்தான்.

புதன்கிழமை சுவர் திறப்பு. ஷாமியானாத் துணியால் மூடி, ஒரு கயிறு கட்டி வைத்திருந்தார்கள். நலத்துறை அதிகாரி இழுத்தார். முதல் இழுப்பில் துணி விழவில்லை. இரண்டாம் இழுப்பில் துணியோடு கம்பமும் வந்தது. கைதட்டினார்கள்.

கூட்டத்தின் முன்வரிசையில் ஏகாம்பரத்தின் அக்கா கஸ்தூரி நின்றிருந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டி, பேக்கிங் செக்‌ஷனிலிருந்து நான்கு பெண்களையும் கூட்டி வந்திருந்தார். பக்கத்தில் ஏகாம்பரம், மறுபடியும் இஸ்திரிச் சட்டை, மறுபடியும் பவுடர். ஐந்து பெண்களும் இடப்பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தார்கள்.

"இது இல்ல. இது யாரோ மாரி கீதே... அய்ய, இது அந்த லேத் மனோகரன்டீ!"

"குடிகாரப் பேமானியா? அவன் எங்க இங்க பாடம் சொல்லித் தரான்?"

"நீ வாடீ, நம்ம தம்பி அப்பால இருக்கும்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கட்டத்துக்கு வந்தபோது பேச்சு நின்றது. ஆறாவதில் கஸ்தூரி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஏகாம்பரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பவுடர் முகத்தில் பவுடர் மட்டும் இருந்தது.

கூட்டம் கலையும்வரை கஸ்தூரி காத்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா அண்ணாத்தே பண்ணி வச்சிகிற? நாலு எடம் வந்து தட்டிப் போச்சு இவனுக்கு. அதுல ரெண்டு எடம் இவன் கண்ணப் பாத்துட்டு குடிகாரன்னு எயுந்து போனவங்க. நைட் ஷிப்டுன்னு சொன்னா எவன் நம்புறான்? வர்ற ஞாயித்துக்கெயம வானகரத்துலேர்ந்து பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வராங்க. இந்த ஸ்டாப்பிங்லதான் எறங்குவாங்க. எறங்குனதும் மாப்ள எதுக்க வாந்தி எடுத்துகினு நிப்பாரு. ரொம்ப நல்லா கீது உன் படம்."

ஏகாம்பரம் அக்காவின் கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். நெருக்கடியில் ஒருவனுக்கு எத்தனை தப்பான யோசனை வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

முதலில் அதிகாரியிடம் ஓடினேன்.

"மாத்தறதா? போட்டோ எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பியாச்சுய்யா. சுவர் மாறினா போட்டோ பொய்யாயிடாதா?"

"முகம் மட்டும்தான் சார்."

"முகந்தானேய்யா படம்! அதுவும் அந்தக் குடிகாரன் மூஞ்சி ரொம்ப நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. வேணும்னா கொஞ்சம் டச்சப் பண்ணிக்கோ. மாத்தாதே."

டச்சப். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமை மத்தியானம் ஏணி ஏறினேன். சுண்ணாம்பு அடித்து மறைக்கலாமா என்றால், நான்கு கட்டத்திலும் முகம் மட்டும் வெள்ளையாக இருக்கும். யாருடையது என்று ஊரே விசாரிக்கும். மீசையை எடுக்கலாமா என்றால், மீசை எடுத்த ஏகாம்பரம். கடைசியில் தாடி வைத்தேன். அடர்த்தியான கறுப்புத் தாடி. கன்னத்தின் ஒட்டு மறைந்தது, இறங்கிப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "யாரு அந்தப் பொண்ணு?" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"ஏகாம்பரத்தக் கைவுட்ட பொண்ணு. அதான் தாடி வச்சிட்டியே. பாவம், நல்ல புள்ள. லவ்வு பெயிலியர்ல குடிச்சிக் கெட்டுப் போச்சாமே?"

நேற்றுவரை வெறும் குடிகாரர். இப்போது அவருக்கு ஒரு கதை வந்துவிட்டது. நான் வைத்தது தாடி; ஊர் அதற்குப் பின்னால் ஒரு பெண்ணை வைத்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்குப் பெயரும் வந்து, அவள் திருநின்றவூரில் கட்டிக்கொடுக்கப்பட்டு இரண்டு குழந்தைகளும் பெற்றுவிட்டாள்.

அன்றைக்கு ஷிப்டுக்குப் போகிற வழியில் ஏகாம்பரம் வந்தார். நான் ஏணிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டினால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதே."

"கேளுப்பா."

"பாக்க நான் அப்படித்தான் கீறேனா?"

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் என்னைப் பிடித்தாய் என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம் என்று எப்படிச் சொல்வது? இருபது வருஷமாக மனித முகத்தைப் பார்த்துப் பிழைத்தவன், ஒரு மனிதர் நேருக்கு நேர் முகத்தைக் காட்டிக் கேட்டதற்குத் தரையைப் பார்த்தேன்.

"பஸ்ஸு வந்துச்சு" என்று எழுந்து போனார். போகிற முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அது கலந்தது. பத்து முதுகுகளில் எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கேதான் வழி கிடைத்தது. ஞானம் என்று சொல்லிவிடாதீர்கள். வேறு வழியில்லாதவன் கண்ட சந்து.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். நான்கு கட்டத்திலும் அவரைத் திருப்பினேன். முகத்தின்மேல் தலைமுடி, தாடியின்மேல் பிடரி, பொத்தானின்மேல் சட்டை முதுகு. கடையில் நிற்கிறவர் கடையைப் பார்த்து நின்றார். வாந்தி எடுக்கிறவர் சுவரைப் பார்த்துக் குனிந்தார். மனைவியின்மேல் கை ஓங்கியவருடைய கை இப்போது அந்தரத்தில் நின்றது; மனைவி அவருடைய முதுகைப் பார்த்து அழுதாள். மல்லாந்து கிடந்தவரைக் குப்புறப் போட்டேன். இருட்டுவதற்குள் முடித்துவிட்டு இறங்கினேன். இறங்கிப் பார்த்தால் ஐந்தாவது கட்டத்தில் தலையும் உடம்பும் அந்தப் பக்கம், பாதம் இரண்டும் இந்தப் பக்கம். திருத்த வெளிச்சம் இல்லை.

"கரீட்டா போட்டிகிற" என்றார் டீக்கடைக்காரர். "சரக்கு உள்ள போனா அவுங்க காலு அப்படித்தான் போவும்."

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு பஸ் நின்றது. நான் டீக்கடை பெஞ்சில், எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஒரு பிரஷ்ஷோடு இருந்தேன். எதற்கு இருக்கட்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. கஸ்தூரியும் ஏகாம்பரமும் வரவேற்க வந்து நின்றார்கள். ஏகாம்பரம் சனிக்கிழமை ராத்திரி லீவு போட்டுத் தூங்கியிருந்தார். அப்படியும் கண் சிவப்புத்தான்.

பெண்ணின் அம்மா முதலில் இறங்கினார். கையில் தட்டு, பூ, பழம். ஒரு காலத்தில் வானகரத்தில் வயல்வேலைக்குப் போனவர், இப்போது அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா என்று பின்னால் தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பெரியப்பா. கடைசியில் பெண்ணின் அப்பா, மெலிந்த மனிதர். இறங்கியவர்கள் இறங்கியபடியே சுவரைப் பார்த்தார்கள். அங்கே நிற்கிறவருக்கு வேறு எதைப் பார்க்க முடியும்?

பெண்ணின் அம்மா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கஸ்தூரி அவசரமாக, "வாங்கம்மா, ஊட்டாண்ட போலாம், வெயிலு" என்றார்.

"இரும்மா. வியாயக்கெயம பாத்தப்ப மாப்ள மொகம் இருந்துச்சே. எங்க அது?"

கஸ்தூரியின் கையிலிருந்த குடை சாய்ந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"வியாயக்கெயம வந்தீங்களா?"

"பின்ன? பொண்ணக் குடுக்கறோம், வெசாரிக்காம குடுப்போமா? காலைலயே வந்தேன். போட்டோவும் கையில வச்சிருந்தேன். எறங்குனா எதுக்க சுவத்துல இவரு. மெர்சலாயிட்டேன். தோ, இந்தக் கடக்காரரு கைலதான் கேட்டேன்."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதில் திடீரென்று மும்முரமானார்.

"இவருதான் சொன்னாரு. மூணு நாளு காலைல வந்து கல்லு மாரி உக்காந்து கெடந்தாரு, ஈ ஒக்காந்தாகூட ஆடலன்னு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். குடிக்கிறவன் எவன் மூணு நாளு ஆடாம உக்காருவான்? எங்க ஊட்டுல ஒருத்தரு கீறாரு. மூணு நிமிசம் உக்கார மாட்டாரு." ஏகாம்பரத்தைப் பார்த்தார். "கண்ணு செவப்பு நைட் ஷிப்டு கண்ணு. எனக்குத் தெரியாதா ரெண்டு செவப்புக்கும் வித்தியாசம்?"

புதன் இரவிலிருந்து நான் பட்ட பாடு அத்தனையும், தாடியும் பிடரியும், அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவருக்குக் கல்யாணத்தை முடித்துக் கொடுத்தது நான் அழித்த முகம்தான். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் ஓவியம் படித்தவர் இல்லை. குடிகாரரோடு குடும்பம் நடத்தியவர்.

பிறகு அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை பார்வை நிலைத்து நின்றது. மனைவி அழ, அந்தரத்தில் கை தூக்கி நிற்கிற கட்டம்.

"நீதான் இத வரைஞ்சியா?" என்றார், என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்து.

"ஆமாம்மா."

"இவர எங்க பாத்த?"

"யாரையும் பாக்கலம்மா. சும்மா ஒரு முதுகு."

"சொம்மா ஒரு முதுகா? இருவது வருசமா நான் பாத்தது இந்த முதுகத்தான்."

பெண்ணின் அப்பா, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாலைப் பக்கம் திரும்பி நின்றார். அவர்கள் வந்த பஸ் இப்போதுதான் போயிருந்தது. அப்போது நான் பார்த்தேன்: தோளின் அந்த இறக்கம், காலருக்கு மேலே அந்தக் குழி. சுவரில் இருந்ததும் சாலையில் நின்றதும் ஒரே முதுகு.

அடுத்த வாரத்தில் மாதர் சங்கச் செயலாளர் அம்மா வந்தார். குடியிருப்பில் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக வந்து, அது என் வீட்டுக்காரர்தானே என்று அவரிடம் கேட்கிறார்களாம். முகம் இருந்தவரை ஒரே ஓர் அப்பாவியைக் காட்டிக்கொடுத்த சுவர், முகம் போனதும் ஆள் விடாமல் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"டச்சப்தானேய்யா பண்ணச் சொன்னேன்? என் முதுகை எதுக்குய்யா போட்டே?"

நான் அவருடைய முதுகைப் பார்த்ததே இல்லை என்று சொன்னேன். நம்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் எனக்கு வேலை வரவில்லை. மனோகரன் மட்டும் என்னை எங்கே பார்த்தாலும் சல்யூட் வைப்பார். அவருடைய மனைவி பஸ்ஸுக்கு நிற்கும்போது, இடுப்புக் குழந்தைக்கு இடப்பக்கச் சுவரைக் காட்டி, "அப்பா பாரு, எப்படிச் சிரிக்கிறாரு பாரு" என்று சோறு ஊட்டுவதை நானே பார்த்தேன். அந்த முகத்தையும் அழித்துவிடலாமா என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஒரு நாள் போனேன். குழந்தை சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

முட்டி தேய்ந்து ஏணியை விட்டு இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அறைக்குள்ளேயே வேலை. கமிஷன் கேட்டு வருகிறவர்கள் முகம்தான் கேட்கிறார்கள்; நான் முதுகுதான் கொடுக்கிறேன்; அதனால் யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தப் படுக்கைக்கு யாருடைய முகத்தை எடுக்கப்போகிறீர்களோ அவரிடம் போய், எந்தக் கட்டம் என்று முதலில் சொல்லுங்கள். சூரியன் பக்கம் நடக்கிறவரா, படுக்கையில் கிடக்கிறவரா என்று. வேண்டாம் என்று எழுந்து போனால் போகட்டும். சுவர் எங்கேயும் போய்விடாது. ஏகாம்பரத்திடம்கூட, கட்டத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. கேட்காததால் எனக்கு அது தெரியாமலே போய்விட்டது.

நீங்கள் வந்து போன இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். சுவர்க் கதை நடந்து பத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பகல் ஷிப்டுக்கு மாறி வெகுநாள் ஆயிற்று. கன்னம் உப்பி, கண் வெளுத்து, ஒரு கோயில் தர்மகர்த்தா மாதிரி இருந்தார். எந்தக் கட்டம் என்று கேட்டவருக்கு ஒரு முகம் பாக்கி இருப்பதை நான் மறக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு, "உட்காரு ஏகாம்பரம். உன் முகம்தான். தனியா, ஒரே கட்டம். எந்தக் கதையும் கிடையாது" என்றேன்.

"மொகம் வேணாண்ணே. மொகத்தக் குடுத்துப் பாத்தாச்சு. நீ இப்ப முதுகுதானே போடுற, அதையே போடு" என்று ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். அதே கல். ஈகூட வந்தது, அசையவில்லை.

பன்னிரண்டாவது கேன்வாஸ் அது. ஈரம் காய்வதற்குள், அவரை அழைத்துப்போக செல்வி வந்தாள். வானகரத்துப் பெண், அன்றைக்கு பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கிய அம்மாவின் மகள். அந்த அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி, எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். கதவோரம் ஏகாம்பரமும் ஆவலாக நின்றார்.

செல்வி தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள்.

"நல்லா கீதுண்ணே. யாரு இது?"

ஏகாம்பரத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "ஏய், நான்தான்டி!"

"நீயா?" என்று அவரைத் திரும்பிப் பார்த்து அவள் சிரித்தாள். "உன் முதுக நான் எங்கய்யா பாத்தேன்?"